பர்கருக்கு ஒயினா? அந்த விருந்துக்குப் போகும்முன் தெரிந்துகொள்ளுங்கள்

பர்கரைச் சாஸ் சட்டையில் சிந்தாமல் சாப்பிட்டு முடிப்பதே பெரிய வேலை. இன்னொரு கையில் ஒயின் கிளாஸ் வேறா?

ஆமாம். அதற்கென்றே சிங்கப்பூரில் விருந்துகள் நடக்கின்றன. மூன்று, நான்கு சின்ன பர்கர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின், எதற்காக இந்த ஜோடி என்று விளக்கிச் சொல்ல ஒருவர். வேலையிடத்தில் யாராவது "வெள்ளிக்கிழமை வர்றியா?" என்று கேட்டிருக்கலாம். சமூக ஊடகத்தில் விளம்பரம் கண்ணில் பட்டிருக்கலாம்.

போகலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், மது அருந்தாதவர்கள், காரில் போகிறவர்கள், மாதக் கடைசியில் பர்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பர்கர் எப்போது இவ்வளவு பெரிய ஆளானது?

விரைவு உணவுக் கடையில் கிடைக்கும் பர்கரைச் சமையல் கலைஞர்கள் வெகுகாலம் கண்டுகொள்ளவே இல்லை. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் டானியெல் புலூ. பிரான்ஸில் பிறந்து நியூயார்க்கில் பெயர் வாங்கிய சமையல் கலைஞர். 2001இல் தமது உணவகத்தில் ஒரு பர்கரை அறிமுகப்படுத்தினார். மாட்டிறைச்சிக்கு நடுவே ஒயினில் மெதுவாக வேகவைத்த விலா இறைச்சி, வாத்தின் ஈரல், டிரஃபிள் எனப்படும் விலையுயர்ந்த காளான் எல்லாம் வைத்திருந்தார். பர்கருக்கு இந்த விலையா என்று ஊரே பேசியது. ஆனாலும் ஆர்டர் குவிந்தது. அவரது உணவகம் 2010இல் நம்மூர் மரினா பே சாண்ட்ஸிலும் திறக்கப்பட்டது.

அதற்குப் பிறகு 'உயர்தர பர்கர்' என்பது தனி வகையாகிவிட்டது. வாக்யு இறைச்சி, வாரக்கணக்கில் குளிர் அறையில் தொங்கவிட்டுப் பதப்படுத்திய இறைச்சி, வெண்ணெய் மணக்கும் பிரியோஷ் ரொட்டி என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டேக் இறைச்சிக்கு ஒயின் பொருந்தும் என்றால் அதே இறைச்சியை அரைத்துச் செய்த பர்கருக்கு ஏன் பொருந்தாது? இந்த விருந்துகளுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி இதுதான்.

நியாயமான கேள்வி. ஆனால் பதில் அவ்வளவு எளிதில்லை. ஸ்டேக் தட்டில் இறைச்சி மட்டும்தான் பேசும். பர்கரில் சீஸ், ஊறுகாய், வெங்காயம், கடுகு, கெட்சப் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும்.

நாக்கில் என்ன நடக்கிறது?

இங்கே தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒயினைப் பற்றிப் பேசும்போது 'டானின்' என்ற சொல் அடிக்கடி வரும். அது என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கப் பாடுபடுவார்கள். வாய் உலர்வதுபோல, நாக்கு சுருங்குவதுபோல என்றெல்லாம் சொல்வார்கள். நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. பாக்கு, நெல்லிக்காய், வாழைப்பூ சாப்பிடும்போது வருகிறதே, அதுதான். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணுகிற அதே துவர்ப்புதான் சிவப்பு ஒயினின் முதுகெலும்பு.

திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் இருக்கிறது. மரப்பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால் அதில் டானின் அதிகம். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் சாற்றை மட்டும் பிழிந்து எடுப்பார்கள். அதனால் துவர்ப்பு குறைவு.

டானினுக்குப் புரதம் என்றால் உயிர். வாயில் வேறெதுவும் இல்லாவிட்டால் உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உமிழ்நீரின் வழுவழுப்பு போய்விடும். அதுதான் அந்த உலர்ந்த உணர்வு. வாயில் இறைச்சியும் சீஸும் இருந்தால்? டானினுக்குப் பிடிக்க வேறு புரதம் கிடைக்கிறது. கொழுப்பும் நாக்கின்மேல் படர்ந்து காக்கிறது. கரடுமுரடாக இருந்த ஒயின் திடீரென்று மென்மையாகிவிடும்.

நம்பிக்கை வரவில்லையா? கோப்பிக்கடைக்குப் போங்கள். நன்றாகக் கறுத்த தே ஓ கொசோங் ஒரு வாய் குடியுங்கள். பிறகு தே சி குடியுங்கள். அதே தேயிலைதான். பாலில் உள்ள புரதம் தேநீரின் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டதால்தான் இரண்டாவது இதமாக இருக்கிறது. பர்கரும் சிவப்பு ஒயினும் சேரும்போது நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

அடுத்தது உப்பு. உப்பு கசப்பை அடக்கும். உப்பும் கொழுப்பும் உள்ள உணவோடு ஒயின் பழச்சுவை கூடியதாகத் தெரியும். பொரித்த உருளைக்கிழங்குக்கு ஷாம்பேன் பொருந்துகிறது என்று சொல்வதும் இதனால்தான். ஷாம்பேனில் புளிப்பு அதிகம், குமிழிகளும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு அடுத்த துண்டுக்கு வாயைத் தயாராக்கும். என்னைக் கேட்டால் இத்தகைய விருந்துகளில் பெரும்பாலும் வெற்றிபெறும் ஜோடி பர்கரும் சிவப்பு ஒயினும் அல்ல, இந்த உருளைக்கிழங்கும் ஷாம்பேனும்தான்.

மூன்றாவது, சுட்ட வாசம். இறைச்சியைச் சூடான கல்லில் போட்டதும் வெளிப்புறம் பழுப்பாகி ஒரு மணம் வரும். ஒயின் பீப்பாய் செய்யும்போதும் ஓக் மரத்தின் உட்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள். ஒயினில் வரும் புகை வாசத்துக்கும் வெனிலா வாசத்துக்கும் அதுவே காரணம். இரண்டு நெருப்பும் சந்திப்பதால் ஒன்றுக்கொன்று பழக்கமானதாகத் தோன்றுகிறது.

ஜோடியைக் கெடுப்பது இறைச்சி அல்ல, சாஸ்

கெட்சப்பில் சர்க்கரை இருக்கிறது. உணவு இனிப்பாக இருந்தால் இனிப்பில்லாத ஒயின் புளித்ததுபோலவும் கசப்பதுபோலவும் தெரியும். விலை உயர்ந்த போர்டோவைத் திறந்துவிட்டுக் கெட்சப்பைப் பிழிந்தால் காசு போனதுதான். ஊறுகாயில் வினிகர். அதற்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

மிளகாய் இன்னும் ஒரு படி மேலே. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் மதுவும் தூண்டுகிறது. 14.5 விழுக்காடு மதுச்சத்துள்ள ஷிராஸை சம்பல் தடவிய பர்கரோடு குடித்தால் வாய் பற்றி எரியும். நம் சிங்கப்பூர்ச் சமையற்கூடங்களோ பர்கரிலும் சில்லி கிராப் சாஸ், ரெண்டாங் என்று புகுத்தாமல் விடுவதில்லை. அத்தகைய பர்கருக்கு மதுச்சத்து குறைவாகவும் லேசான இனிப்போடும் இருக்கும் ஜெர்மானிய ரீஸ்லிங் நல்ல துணை. குளிரவைத்துப் பரிமாறினால் இன்னும் நல்லது.

மற்றபடி நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் பெயர்கள் சில. மால்பெக், பிரான்ஸின் தென்மேற்கில் இருந்து 19ஆம் நூற்றாண்டில் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே புகழ்பெற்ற திராட்சை. நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சி அந்த நாட்டின் பெருமை என்பதால் இரண்டும் கைகோத்துக்கொண்டன. ஸின்ஃபண்டலைக் கலிஃபோர்னியா தன் சொந்தப் பிள்ளையாகவே நினைத்திருந்தது. மரபணுச் சோதனையில் அதன் பூர்வீகம் குரோவேஷியா என்று தெரியவந்தது. லம்ப்ருஸ்கோ, இத்தாலியின் குமிழிவிடும் சிவப்பு ஒயின். பலர் இதை அவ்வளவாக மதிப்பதில்லை. கொழுப்பு மிகுந்த இரட்டை சீஸ் பர்கரோடு ஒருமுறை குடித்துப் பார்த்துவிட்டு மதிப்பிடலாம்.

'உயர்ந்த ஒயின்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே?

அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. பேர்பெற்ற தோட்டம், நல்ல ஆண்டு, வயதாக வயதாக மெருகேறும் தன்மை ஆகியவற்றைச் சேர்த்துப் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்கிறார்கள்.

விலைப்பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம். 1976 மே மாதம் பாரிஸில் ஒரு சோதனை நடந்தது. பெயர் தெரியாமல் ஊற்றிக்கொடுத்த ஒயின்களைப் பிரெஞ்சு வல்லுநர்கள் சுவைத்து மதிப்பெண் போட்டார்கள். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் பிடித்தவை அப்போது யாரும் பெரிதாக நினைக்காத கலிஃபோர்னியா ஒயின்கள். புட்டியின்மேல் ஒட்டியிருக்கும் தாள் நாக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் கதை இது.

இன்னொன்று. இருபது ஆண்டு வைத்திருந்த பழைய ஒயினைப் பர்கரோடு தருவதாக ஒரு விருந்து பெருமையடித்தால் கொஞ்சம் யோசியுங்கள். வயதாகும்போது டானின் தானே மென்மையாகிவிடும். அதற்கு இறைச்சியின் கொழுப்பு தேவையில்லை. மிஞ்சியிருக்கும் நுண்ணிய வாசனையையும் வெங்காயமும் கடுகும் விழுங்கிவிடும். பர்கருக்குத் துடிப்பான இளம் ஒயின்தான் சரி. அது விலையும் குறைவு.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள்?

நம் வாசகர்களில் பலருக்கு முதல் கேள்வியே இதுவாக இருக்கும். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஆட்டிறைச்சி, கோழி, மீன், காளான், ஹலூமி சீஸ் பர்கர்களுக்கும் நல்ல ஒயின் ஜோடிகள் உண்டு. ஆட்டிறைச்சிக்கு ஷிராஸ், பொரித்த மீனுக்குக் குமிழி ஒயின், பெரிய போர்ட்டபெல்லோ காளானுக்குப் பினோ நுவா.

ஆனால் "மாட்டிறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. சில உணவகங்கள் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன. அதுதான் சுவை என்று பெருமையாகச் சொல்லவும் செய்வார்கள். ஒரே கல்லில் எல்லாவற்றையும் வாட்டுவதும் சகஜம். உங்களுக்கு எது முக்கியமோ அதைத் தெளிவாகக் கேளுங்கள். பிரியோஷ் ரொட்டியில் முட்டை இருக்கும். அதையும் சைவர்கள் கவனிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம், ஒயினே எப்போதும் சைவமாக இருப்பதில்லை. கலங்கலைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், சில மீன்களின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகின்றனர். வண்டலோடு சேர்த்து அவை நீக்கப்பட்டுவிடும். ஆனாலும் தயாரிப்பில் அவை இருந்தன என்பதே சிலருக்குப் பிரச்சினை. களிமண் கொண்டு தெளியவைக்கும் ஒயின்களும், தெளியவைக்கவே செய்யாத ஒயின்களும் இருக்கின்றன. புட்டியில் வீகன் குறியீடு உள்ளதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முஸ்லிம் வாசகர்களுக்கு: மது பரிமாறும் உணவகத்துக்கு முயிஸின் ஹலால் சான்றிதழ் கிடைக்காது. "பன்றி இறைச்சி இல்லை" என்ற பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது. பர்கரின் சாஸிலேயே ஒயின் சேர்த்திருக்கலாம். மதுச்சத்து நீக்கிய ஒயின் என்று விற்கப்படுவதிலும் 0.5 விழுக்காடு வரை மதுச்சத்து இருக்கக்கூடும். கொம்புச்சாவிலும் கொஞ்சம் இருக்கும்.

குடிக்காதவர் இத்தகைய விருந்துக்குப் போகவே கூடாதா? போகலாம். சில இடங்களில் மதுவில்லாத பான வரிசை தனியாக உண்டு. குளிரவைத்த தேநீர் நன்றாகவே ஈடுகொடுக்கும். காரணம் மேலே சொன்னதுதான், தேநீரிலும் டானின் இருக்கிறது. ஆனால் கட்டணம் குறையுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பலருக்கு இதைக் கேட்கக் கூச்சம். குடிக்காத நான்கு கிளாஸுக்கு முழுக்காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் புலம்புவதைவிட ஒரு மின்னஞ்சல் அனுப்புவது மேல்.

விலை எவ்வளவு வரும்?

விளம்பரத்தில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கும். அந்தக் குறிகள் சின்னவை, தொகை சின்னது அல்ல. முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு வரி போடுவார்கள். உதாரணத்துக்கு 128 வெள்ளி என்று போட்டிருந்தால் நீங்கள் கட்டப்போவது 153 வெள்ளி 47 காசு.

ஒயின் ஏன் நம்மூரில் இந்த விலை? தீர்வை. ஒயினில் உள்ள சுத்தமான மதுச்சத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளி. 13 விழுக்காடு மதுச்சத்துள்ள 750 மில்லிலிட்டர் புட்டிக்குக் கணக்குப் போட்டால் 8 வெள்ளி 58 காசு வருகிறது. புட்டியின் விலை 20 வெள்ளியா 2,000 வெள்ளியா என்பதைத் தீர்வை பார்ப்பதில்லை. அதனால்தான் மலிவான ஒயினுக்கு அடி பலமாக விழுகிறது.

விருந்து ஒருவகையில் விற்பனை நிகழ்ச்சியும்தான் என்பதை மறக்க வேண்டாம். ஒயினை இறக்குமதி செய்யும் நிறுவனமோ ஒயின் தோட்டமோ உணவகத்தோடு சேர்ந்து நடத்துவதுண்டு. கடைசியில் ஆர்டர் படிவம் மேசைக்கு வரலாம். "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்பார்கள். மூன்று, நான்கு கிளாஸ் உள்ளே போனபிறகு எல்லா ஒயினும் நன்றாகத்தான் இருக்கும். பெயரைப் படம் பிடித்துக்கொண்டு வந்து மறுநாள் காலை விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேசையில் எப்படி நடந்துகொள்வது?

பெரிய சடங்கு எதுவுமில்லை. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கையின் சூடு ஏறாது. லேசாகச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். ஒரு வாய் ஒயின், பிறகு ஒரு கடி பர்கர், மீண்டும் ஒரு வாய் ஒயின். முதல் வாய்க்கும் இரண்டாவது வாய்க்கும் வித்தியாசம் தெரிகிறதா? அதைப் பார்க்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெட்டிருக்கலாம். தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

வாசனைத் திரவியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் மூக்கு இருக்கிறது. பர்கரைக் கையால் சாப்பிடலாமா? தாராளமாக. கத்தியால் வெட்டினால்தான் அது சரிந்து அலங்கோலமாகும்.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த பழைய வீடுகளை நினைத்துச் சொன்னது. ஏறக்குறைய 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு வரவேற்பறையின் 30 டிகிரி அல்ல. ஒயின் வெதுவெதுப்பாக இருந்தால் மதுச்சத்துதான் மூக்கில் ஏறும். கொஞ்சம் குளிரவைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

சின்ன கிளாஸ்தானே, எத்தனை குடித்துவிடப் போகிறோம்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 75 மில்லிலிட்டர் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஒயின் என்றால் 300 மில்லிலிட்டர். மதுச்சத்து 13.5 விழுக்காடு என்றால் சுமார் 32 கிராம் ஆல்கஹால். இங்கே ஓர் அளவு மது என்பது சுமார் 10 கிராம், அதாவது 100 மில்லிலிட்டர் ஒயின். ஆண்கள் நாளுக்கு 2 அளவுக்கு மேலும் பெண்கள் 1 அளவுக்கு மேலும் போகக்கூடாது என்பது சிங்கப்பூரில் தரப்படும் ஆலோசனை. சின்னச் சின்ன கிளாஸாக வந்தாலும் விருந்தின் முடிவில் நீங்கள் 3 அளவைத் தாண்டியிருப்பீர்கள். யாராவது "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றினால் அதற்கும் மேல்.

பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1988இலேயே சேர்த்துவிட்டார்கள். ஒயின் இதயத்துக்கு நல்லது என்று மேசையில் யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைத்துக் குடிக்க வழி இருக்கிறது. ஒயின் சுவைப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். விருந்து மேசையிலும் மிச்சத்தைக் கொட்ட ஒரு வாளி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். ஒரு வாய் சுவைத்துவிட்டு மீதியைக் கொட்டுவது அவமரியாதை இல்லை. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். மேலதிகாரி ஊற்றினால் மறுக்க முடியாதே என்று நினைப்பவர்களுக்கு ஓர் எளிய வழி: கிளாஸைக் காலி செய்யாதீர்கள். நிறைந்த கிளாஸில் யாரும் ஊற்ற மாட்டார்கள்.

வீட்டுக்கு எப்படிப் போவது?

காரை எடுக்காதீர்கள். சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம் ஆல்கஹால், அல்லது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். எத்தனை கிளாஸில் அதை எட்டுவோம் என்பது உடல் எடை, ஆணா பெண்ணா, எவ்வளவு சாப்பிட்டோம், எவ்வளவு நேரமானது என்று ஆளுக்கு ஆள் மாறும். வயிறு நிறைய பர்கர் சாப்பிட்டால் மது ரத்தத்தில் கலப்பது தாமதமாகும், அவ்வளவுதான். உள்ளே போன மது எங்கும் போய்விடாது. ரயில், பேருந்து, டாக்சி எதுவானாலும் கிளம்பும்போதே முடிவுசெய்து கொள்ளுங்கள்.

வயதும் முக்கியம். 18 நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

விருந்தில் வாங்கிய புட்டியோடு வெளியே வருகிறீர்களா? 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டப்படி இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள், அங்கே விதிகள் இன்னும் கடுமை. பூங்கா, கடற்கரை, புளோக்கின் கீழ்த்தளம் எல்லாமே பொது இடம்தான். ஆகவே புட்டியை வீட்டுக்குள் கொண்டுபோன பிறகே திறங்கள்.